குற்றக் கும்பல்கள் ஏன் முளைக்கின்றன? சிங்கப்பூர்த் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

இளையர்களிடையே தொண்டூழியம் செய்யும்போதும் சமூகவியல் படிக்கும் மாணவர்களோடு பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெற்றோர் கேட்டவையும் உண்டு, தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்டவையும் உண்டு. கும்பலில் சேர்வது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அது ஏன் ஓர் ஊரில் வேர்விடுகிறது, இன்னோர் ஊரில் விடுவதில்லை, ஒரு காலத்தில் தழைத்துவிட்டு இன்னொரு காலத்தில் ஏன் சுருங்குகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

நாலு பேர் சேர்ந்து திருடினால் அது திட்டமிட்ட குற்றக் கும்பல் ஆகிவிடுமா?

ஆகாது. நாலு பேர் ஒரு கடையை உடைத்து, பங்கைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிட்டால் அது கூட்டுத் திருட்டு, அவ்வளவுதான். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இதற்கு ஒரு வரையறை தருகிறது: மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, சில காலமாவது நீடித்து, ஆதாயத்துக்காகக் கடுங்குற்றங்களைச் செய்யும் குழு. சிங்கப்பூர் 2015-ல் இயற்றிய சட்டமும் மூன்று பேர் என்ற அளவையே வைத்துக்கொண்டது.

எனக்கு எண்ணிக்கையை விட நீடிப்புதான் முக்கியமாகப் படுகிறது. தலைவன் சிறைக்குப் போன மறுவாரமும் வசூல் நடக்கிறதா? நடந்தால், ஆளைத் தாண்டி ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது என்று பொருள். சமூகவியல் அந்த ஏதோ ஒன்றைத்தான் தேடுகிறது.

கெட்டவர்கள் ஒன்று சேர்கிறார்கள். இதில் சமூகவியல் எங்கே வந்தது?

1920-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி எழுந்தது. ஃபிரெடெரிக் திராஷர் என்ற ஆய்வாளர் அந்த ஒரே நகரத்தில் 1,313 கும்பல்களைப் பதிவு செய்து 1927-ல் வெளியிட்டார். அவரை அடுத்து கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே இருவரும் இளையர் குற்றங்களை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய, வாடகை குறைந்த, ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்த வட்டாரங்களில் குற்றம் எப்போதும் அதிகமாக இருந்தது. ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் அங்கிருந்து கிளம்பிப்போய், இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்த பிறகும் அந்த வட்டாரத்தின் குற்ற அளவு குறையவில்லை. வெளியேறியவர்களோ புது இடத்தில் ஒழுங்காக வாழ்ந்தார்கள். அப்படியானால் காரணம் அந்த மனிதர்களின் ரத்தத்தில் இல்லை, அவர்கள் வாழ்ந்த இடத்தின் அமைப்பில் இருக்கிறது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறியாத, யார் பிள்ளையையும் யாரும் கண்டிக்க முடியாத நிலைக்குச் ‘சமூகச் சீர்குலைவு’ என்று பெயர் வந்தது.

அப்புறம் 1943-ல் வில்லியம் ஃபுட் வைட் பாஸ்டனின் இத்தாலியக் குடியிருப்பில் சில ஆண்டுகள் தங்கிப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். வெளியிலிருந்து பார்க்கச் சீர்குலைந்ததாகத் தெரியும் அந்தத் தெருக்களுக்குள் கறாரான ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அது நகராட்சியின் ஒழுங்கு இல்லை என்பதே அவர் கண்டது. இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் முக்கியமானது. கும்பல் இருக்கும் இடத்தில் ஒழுங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு போனால் நமக்கு எதுவுமே புரியாது.

இங்கே தோ பாயோ வட்டாரத்துக்கும் கும்பல்களால் ஒருகாலத்தில் ‘சிங்கப்பூரின் சிகாகோ’ என்று பெயர் இருந்தது. நம் மூத்தவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

சரி, வறுமைதான் காரணமா?

வறுமை மட்டும் என்றால் உலகத்தின் ஏழைக் கிராமங்களெல்லாம் கும்பல்களால் நிறைந்திருக்க வேண்டுமே. ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் இதைக் கொஞ்சம் நுட்பமாகப் பார்த்தார். ஒரு சமூகம் எல்லாரையும் பார்த்து ‘நீ முன்னேறியே ஆகவேண்டும், பணம்தான் அதற்கு அளவு’ என்று சொல்கிறது. முன்னேறும் வழியை மட்டும் சிலருக்கே திறந்துவைக்கிறது. இந்த இழுபறியில் சிலர் இலக்கை வைத்துக்கொண்டு வழியை மாற்றுகிறார்கள். ஊரே ஏழையாக இருக்கும் இடத்தை விட, எதிர்ப் புளோக்கில் கார் நிற்கும் இடத்தில் இந்த அழுத்தம் கூடுதல்.

ஆனால் குறுக்குவழியில் போவதற்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா? 1960-ல் ரிச்சர்ட் கிளோவார்டும் லாயிட் ஓலினும் எழுப்பிய கேள்வி அது. நேர்வழி அடைபட்டதாலேயே ஒருவன் தேர்ந்த குற்றவாளி ஆகிவிட முடியாது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், பொருளை வாங்க ஆள் வேண்டும், சொல்லி நுழைத்துவிட ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு உள்ள வட்டாரத்தில் பையன் தொழில்முறைக் குற்றத்துக்குப் போகிறான். இல்லாத இடத்தில் தெருச்சண்டையோடு நிற்கிறான். இரண்டுமே கைகூடாதவன் போதையில் ஒதுங்குகிறான். நம் சமூகத்தில் மூன்றையும் பார்த்திருக்கிறோம்.

சிங்கப்பூரில் இது எப்படித் தொடங்கியது?

1819-க்குப் பிறகு இந்தத் துறைமுகத்துக்கு வந்த சீனத் தொழிலாளியின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று வருகிறார். கரையில் இறங்கும்போதே கழுத்தளவு கடன். ஆங்கிலேய அரசுக்கு அவர் மொழி தெரியாது; அவருக்கு அரசின் மொழி தெரியாது. கூலி கிடைக்காவிட்டால் எங்கே போய்ச் சொல்வது? நோயில் விழுந்தால் யார் பார்ப்பது? இறந்தால் யார் அடக்கம் செய்வது? கீ ஹின் போன்ற சகோதரத்துவச் சங்கங்கள் இத்தனைக்கும் பதில் வைத்திருந்தன. சத்தியம் செய்து உள்ளே வந்தவருக்கு வேலை, சமரசம், ஈமச்சடங்கு, அடிதடியில் துணை எல்லாம் கிடைத்தன. விலையாகக் கேட்டது விசுவாசத்தை.

இன்னொரு பக்கம், அரசே இந்தச் சங்கங்களுக்குத் தீனி போட்டது. சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம் என்பதால் வருமானத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் குத்தகையிலிருந்து வந்தது. குத்தகை எடுத்த முதலாளி தன் உரிமையைக் கள்ள அபின்காரர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஆள்பலம் தேவைப்பட்டது. அந்த ஆள்பலம் சங்கங்களிடம் இருந்தது. ஆக, அரசு, முதலாளி, சங்கம் மூவரும் ஒரே வருமானத்தில் பிணைந்திருந்தார்கள். குற்றக் கும்பல் அரசுக்கு எதிரே நிற்பது என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தவே பொருந்தாது.

1854-ல் ஹொக்கியன், தியோச்சூ என்ற இரு சீனக் கிளைமொழிக் குழுக்களிடையே வெடித்த கலவரம் 10 நாளுக்கு மேல் நீடித்து ஏறத்தாழ 400 உயிர்களைக் குடித்தது. அதன் பின்னும் அரசு பல ஆண்டு இழுத்தடித்தது. திருப்பம் 1877-ல் வந்தது. சீனர் பாதுகாப்பு அலுவலகம் திறக்கப்பட்டு, சீனம் பேசவும் படிக்கவும் தெரிந்த வில்லியம் பிக்கரிங் அதற்குத் தலைவரானார். வந்திறங்கும் தொழிலாளர்களைச் சந்தித்து, அவர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்து, தகராறுகளை அந்த அலுவலகமே தீர்க்கத் தொடங்கியது. சங்கம் செய்துவந்த வேலையை அரசு கையிலெடுத்தது என்றே சொல்லலாம். 1887-ல் பிக்கரிங்கைக் கோடரியால் தாக்கினார்கள். அந்த அலுவலகம் யாருடைய பிழைப்பில் கைவைத்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1889-ல் சங்கங்கள் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு கீ ஹின் கலைக்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: தடை கடைசியில் வந்தது, மாற்று ஏற்பாடு அதற்கு முன்னால் வந்தது.

அந்தக் காலத்தில் தமிழர்களிடம் இப்படி எதுவும் இல்லையா?

இருந்தது, ஆனால் வேறு வடிவில். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சாலையும் பாலமும் கட்டடமும் போட்டார்கள். அவர்களில் நன்னடத்தை உள்ளவர்களையே மேற்பார்வையாளர்களாக அரசு உயர்த்தியது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வந்த தொழிலாளிக்குக் கங்காணி இருந்தார். கங்காணி சுரண்டியதும் உண்டு, ஆதரித்ததும் உண்டு. எப்படியோ, தகராறு தீர்க்கவும் முன்பணம் தரவும் ஓர் ஆள் இருந்தார். தனியே ஒரு ரகசியச் சங்கம் பெரிதாக வளர இடம் குறைவு என்பது என் கணிப்பு.

பினாங்கில் மட்டும் வேறு கதை. அங்கே தென்னிந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்த செங்கொடி, வெள்ளைக்கொடிச் சங்கங்கள் இருந்தன. முஹர்ரம் ஊர்வலங்களை ஒட்டி வளர்ந்தவை அவை. 1867 ஆகஸ்டுக் கலவரத்தில் வெள்ளைக்கொடி கீ ஹின்னோடும், செங்கொடி அதன் எதிரியான கியான் தெக் சங்கத்தோடும் அணி சேர்ந்து தெருவில் மோதின. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் இரு பக்கமும் கலந்து நின்ற சண்டை அது. ‘இந்த இனத்துக்காரர்கள்தான் கும்பல் கட்டுவார்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பினாங்குத் தெருக்கள்தான்.

கும்பல்கள் ‘பாதுகாப்பை விற்கின்றன’ என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயன்பட்ட விளக்கம் இதுதான். டியேகோ கம்பெட்டா 1993-ல் சிசிலிய மாஃபியாவை வைத்து விரித்துச் சொன்னார். 1812-ல் சிசிலியில் நிலப்பிரபுத்துவம் ஒழிந்தது. நிலம் கைமாறத் தொடங்கியது, விற்பவர் வாங்குபவர் பெருகினார்கள். ஆனால் சொத்தைக் காக்க நம்பகமான போலீஸும் நீதிமன்றமும் இல்லை. ஒருவரை ஒருவர் நம்ப வழியில்லாத இடத்தில், ‘நான் பொறுப்பு, ஏமாற்றினால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லக்கூடிய முரடனுக்குச் சந்தை உருவானது. அவன் விற்றது பாதுகாப்பையும் உத்தரவாதத்தையும். வன்முறை அந்தத் தொழிலின் கருவி. சோவியத் ஒன்றியம் உடைந்தபிறகு ரஷ்யாவிலும் இதே ஏற்பாடு முளைத்ததை ஃபெடெரிக்கோ வரேசே காட்டினார்.

நம் சொந்த வரலாற்றில் இதை விளக்க மார்க்கெட் ஸ்திரீட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே கிட்டங்கி என்ற தங்கள் கடைக் கட்டடங்களில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். சீன வியாபாரி, மலாய்க்காரர், அரசாங்கக் குமாஸ்தா என்று எல்லாரும் வாடிக்கையாளர்கள். வட்டி குறைவு என்று சொல்ல முடியாது. வாங்கியவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. ஆனாலும் கிட்டங்கி குண்டர்களை வைத்துக்கொள்ளவில்லை. கடன் புரோநோட்டில் எழுதப்பட்டது, பணம் வராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்களுக்குள்ளே சமூகக் கட்டுப்பாடு இருந்தது. 1859-ல் டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அந்தச் சமூகத்தைக் கூட்டிவைத்தது. சொல் தவறிய ஏஜண்டுக்கு ஊரிலும் இங்கும் பெயர் கெட்டுவிடும்.

இப்போது ஆலோங்கை, அதாவது கள்ள வட்டிக்காரரைப் பாருங்கள். அவர் செய்வதும் கடன் கொடுப்பதுதான். உரிமம் இல்லாததால் அவர் கொடுத்த கடனை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. சட்டத்தின் கதவு மூடியிருப்பதால், கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றுகிறார், சுவரில் எழுதுகிறார், பூட்டில் சங்கிலி போடுகிறார். அந்த வேலைக்குப் பதினாறு பதினேழு வயதுப் பையன்களைப் பிடிக்கிறார். கிட்டங்கிக்கும் ஆலோங்குக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் மனிதர்களின் குணத்தில் இல்லை; வாக்கை நிறைவேற்ற வைப்பது யார் என்பதில் இருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டால் தீர்வும் தெரிகிறது. தெருவோரத்தில் விற்ற அங்காடிக்காரர்கள் ஒருகாலத்தில் கும்பலுக்கு மாமூல் கட்டித்தான் கடை போட்டார்கள். உரிமம் இல்லாதவர் போலீஸிடம் போய்ப் புகார் கொடுக்க முடியுமா? 1968-69-ல் அவர்களைப் பதிவுசெய்து உரிமம் கொடுத்தார்கள். 1971 முதல் 1986 வரை படிப்படியாக அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். கடைக்கு எண் வந்தது, வாடகை அரசுக்குப் போனது. மாமூல்காரர் விற்க வைத்திருந்த பொருளுக்கு வாங்க ஆளில்லாமல் போனது.

தடை செய்தால் குறையாதா? தடைதான் கும்பலை வளர்க்கிறது என்பது உண்மையா?

இரண்டும் உண்மை, எதைத் தடை செய்கிறோம் என்பதைப் பொறுத்து. மக்கள் விட்டுவிடத் தயாராக இல்லாத ஒன்றைத் தடை செய்தால் அந்த வியாபாரம் மறைவிடத்துக்குப் போகிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. சிகாகோவின் அல் கபோன் அந்தக் காலத்தின் விளைச்சல். இங்கே சூதாட்டம் அப்படி. வீட்டுப் பெண்கள் வரை சில்லறை கட்டி விளையாடிய சாப் ஜீ கீ என்ற கள்ள லாட்டரியைப் பல்லாண்டு தடை ஒழிக்கவில்லை. 1968-ல் அரசு சிங்கப்பூர் பூல்ஸ் என்ற லாட்டரி நிறுவனத்தைத் தொடங்கியதன் நோக்கங்களில் ஒன்று அந்தப் பணத்தைக் கள்ள லாட்டரிக்காரர்களிடமிருந்து மீட்பது. சனி ஞாயிறுகளில் அதன் 4டி சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. ஆனாலும் அந்த வரிசை ஒரு கும்பலின் கல்லாவில் போய் முடியவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

இன்னொரு நுணுக்கம். 1980-களில் பீட்டர் ராய்ட்டர் நியூயார்க்கின் கள்ளச் சூதாட்டத்தையும் வட்டிக்கடையையும் ஆராய்ந்தபோது, பெரிய ஏகபோகத் தலைமை எதையும் காணவில்லை. சிறு சிறு ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டவிரோதத் தொழில் விளம்பரம் செய்ய முடியாது, வங்கியில் கடன் வாங்க முடியாது, கணக்கு எழுதி வைக்க முடியாது. அதனால் பெரிதாக வளர்வது கடினம். ஒரு மூளை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது என்ற கற்பனையை அவர் உடைத்தார்.

ஓர் இனத்தின் பண்பாட்டில் இது ஊறியிருக்கிறதா?

இல்லை. டேனியல் பெல் 1953-ல் அமெரிக்க அனுபவத்தை வைத்து, குற்றம் என்பது குடியேறியவர்களுக்கு விசித்திரமான ஓர் ஏணியாக இருந்தது என்றார். முதலில் ஐரிஷ்காரர்கள், பிறகு யூதர்கள், பிறகு இத்தாலியர்கள். ஒவ்வொரு குழுவும் அரசியலிலும் தொழிலிலும் இடம் பிடித்ததும் அந்த ஏணியை விட்டு இறங்கியது. பண்பாடு அப்படியே இருந்தது, ஏணிதான் தேவையில்லாமல் போனது.

இனம் வேறு விதத்தில் முக்கியம். சட்டவிரோத வேலையில் யாரை நம்புவது என்பதே பெரும் சிக்கல். ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே சிறை என்று எது ஒருவரை ஒருவர் முன்பே அறியவைக்கிறதோ அது நம்பிக்கைக்கு அடித்தளம் ஆகிறது. காலம் மாறும்போது அந்த அடித்தளமும் மாறும். காற்பந்து ஆட்டங்களை விலைக்கு வாங்கிய கும்பலை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரரான வில்சன் ராஜ் பெருமாள் 2011-ல் பின்லாந்தில் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 2013 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பு 680 ஆட்டங்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்தபோது சிங்கப்பூரோடு உள்ள தொடர்பைக் குறிப்பிட்டது. அந்த வலையில் தமிழர், சீனர், கிழக்கு ஐரோப்பியர் என்று பலரும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பயன்பட்டார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

1960-களுக்குப் பிறகு இங்கே கும்பல்கள் சுருங்கியது எப்படி? கடுமையான சட்டத்தாலா?

சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1955-ல் வந்த குற்றவியல் சட்ட (தற்காலிக விதிகள்) சட்டம் 1958 முதல் ரகசியக் கும்பல் ஆட்களை விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் கொடுத்தது. சாட்சி சொல்ல எல்லாரும் பயந்த காலம் அது. பெயரில் ‘தற்காலிகம்’ இருந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு வருகிறது, கடைசியாக 2024-ல். இந்த அதிகாரத்துக்கு எல்லை இருப்பதையும் ஒரு வழக்கு காட்டியது. ஆட்டங்களை விலைபேசிய கும்பலின் தலைவர் எனச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரை, அவரால் சிங்கப்பூருக்குள் பொது அமைதிக்கு ஆபத்து என்பது காட்டப்படவில்லை என்று சொல்லி 2015 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. சில நாளிலேயே அவரை மறுபடி பிடித்தார்கள். விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைப்பது எனக்கு எளிதில் செரிக்கும் விஷயம் இல்லை. அன்றைய பயத்தை நேரில் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வதையும் நான் மதிக்கிறேன்.

தண்டனைக்கு அப்பால் போன ஒரு முயற்சியும் நடந்தது. தேவன் நாயர் தலைமையிலான சிறை விசாரணைக் குழுவின் யோசனைப்படி, காவலில் இருந்த கும்பல் ஆட்களை 1960 முதல் புலாவ் செனாங் தீவுக்கு அனுப்பி, வேலியும் சுவரும் இல்லாமல், உழைப்பால் திருத்தப் பார்த்தார்கள். 1963 ஜூலை 12-ல் கலவரம் வெடித்துக் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் கொல்லப்பட்டார். 1965-ல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கடும் உழைப்பு வாங்கினார்கள், எப்போது விடுதலை என்று சொல்லவில்லை, கும்பல் உறவுகள் தீவிலும் தொடர்ந்தன.

ஆனால் சட்டத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பத்தாண்டுகளில் நடந்த மற்றவை மறைந்துபோகும். 1960-ல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) உருவானது. கும்பல்களுக்குப் பேர்போன புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைக் குடியிருப்பு) 1961 மே மாதத் தீயில் அழிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கம்பத்தில் தன் எல்லையைக் காத்துவந்த கும்பல்காரனுக்குப் புளோக்கில் எல்லை எது? ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்து பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தன. 1967-ல் இளையர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை வந்தது. கைது, வீடு, வேலை மூன்றில் எது எவ்வளவு சாதித்தது என்று தனித்தனியே அளக்க முடியாதபடி எல்லாம் ஒன்றாக நடந்தன. யாராவது ‘சட்டம்தான், வேறொன்றுமில்லை’ என்றால் அவர் வரலாற்றின் பாதியை விட்டுவிடுகிறார்.

இன்று நல்ல பள்ளியும் வீடும் இருக்கும்போது நம் பிள்ளைகள் ஏன் கும்பலில் சேர்கிறார்கள்?

பெற்றோர் வேதனையோடு கேட்கும் கேள்வி இது. பணம் பெரும்பாலும் முதல் காரணம் இல்லை. ஆல்பர்ட் கோஹன் 1955-ல் மதிப்பு பற்றிப் பேசினார். பள்ளி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோலால் அளக்கிறது. அதில் திரும்பத் திரும்பக் குட்டையாக நிற்கும் பையன், வேறு கோல் உள்ள இடத்தைத் தேடுகிறான். கும்பலில் தைரியத்துக்கு மதிப்பு, விசுவாசத்துக்கு மதிப்பு. பள்ளியில் பெயர் தெரியாதவன் அங்கே தம்பி ஆகிறான், பிறகு அண்ணன் ஆகிறான். நம் கல்விமுறையில் தரம்பிரிப்பு நெடுங்காலம் இருந்தது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் அது பாட அடிப்படையிலான முறைக்கு மாறியிருக்கிறது. அதன் பலனைக் காணப் பல ஆண்டு ஆகும்.

எட்வின் சதர்லாந்து சொன்னதும் இங்கே சேரும்: குற்றம் நெருக்கமானவர்களிடமிருந்து கற்கப்படுகிறது. எப்படிச் செய்வது என்பதோடு, ஏன் செய்தால் பரவாயில்லை என்ற நியாயமும் கூடவே கற்கப்படுகிறது. ஒரு பையன் ‘எங்கள் ஆளைத் தொட்டான், அதனால்தான்’ என்று சொல்லும்போது அது அவன் சொந்த வாக்கியம் இல்லை, யாரோ கற்றுக்கொடுத்தது.

369, 303, 24, 08 என்ற எண்களைப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவற்றில் பல சீனச் சங்கங்களின் வழிவந்த பெயர்கள். இன்று மலாய், இந்திய இளையர்களும் அவற்றில் இருக்கிறார்கள். பழைய சங்கத்தின் சடங்கும் உதவியும் இல்லை, எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘எந்த நம்பர்?’ என்ற கேள்வியும் ஒரு முறைப்பும் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 2010 அக்டோபரில் டவுன்டவுன் ஈஸ்ட்டில் நடந்தது சான்று. 19 வயது பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

சிறுபான்மையினர் விஷயத்தில் இன்னொன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் நாராயணன் கணபதி, ஒமேகா என்ற மலாய்க் கும்பல் சிறைக்குள் உருவானதை ஆராய்ந்திருக்கிறார். சீனக் கும்பல்கள் ஆதிக்கம் செலுத்திய சிறையில் ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அடைத்துவைக்கும் இடமே புதுக் கும்பலைப் பெற்றெடுக்கவும் கூடும். வெளியே வந்தபின் முத்திரை ஒட்டிக்கொள்கிறது: வேலை கொடுப்பவர் தயங்குகிறார், உறவினர் விலகுகிறார், கதவைத் திறப்பது பழைய கூட்டாளி மட்டும்தான். 2004-ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் அந்தக் கதவுகளைத் திறக்கத்தான் பாடுபடுகிறது.

சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அடிதடியில் கை வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதைப் பிள்ளையிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

மோசடிக் கும்பல்களையும் இந்தக் கோட்பாடுகள் விளக்குமா?

முழுதாக விளக்காது. இதுவரை பார்த்த கும்பல்கள் யாருக்கோ எதையோ கொடுத்தன: கடன், சூதாட்டம், போதை, பாதுகாப்பு. மோசடிக்காரன் எதையும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அதனால் ‘தேவையை நிறைவேற்றும் கும்பல்’ என்ற விளக்கம் இங்கே நொண்டுகிறது. 2024-ல் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள், இழப்பு குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. பெரும்பாலான சம்பவங்களில் ஏமாந்தவரே பணத்தைத் தன் கையால் அனுப்பியிருக்கிறார்.

யார் யாரோடு எப்படி இணைந்திருக்கிறார் என்று பார்க்கும் வலைப்பின்னல் கோட்பாடு இங்கே கூடுதலாக உதவுகிறது. கட்டளையிடுபவர் ஒரு நாட்டில், தொலைபேசியில் பேசுபவர் கம்போடியாவிலோ மியன்மாரிலோ, அவர்களில் பலர் வேலை தருவதாக ஏமாற்றிக் கொண்டுபோய் அடைக்கப்பட்டவர்கள். பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு இங்குள்ள ஒரு பையனுடையது. ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. சத்தியமும் சடங்கும் தேவையில்லை. செயலியில் ஒரு குழு போதும். 2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவர்கள் பிடிபட்டு, 3 பில்லியன் வெள்ளிக்குச் சொத்துகள் கைப்பற்றப்பட்ட வழக்கு இன்னொரு முகத்தைக் காட்டியது. ஒழுங்கும் நம்பகமும் உள்ள ஊர் தெருக்கும்பலுக்குப் பிடிக்காது, ஆனால் கறுப்புப் பணத்துக்கு அதே காரணத்துக்காகப் பிடிக்கும்.

‘அக்கவுண்டை ஒரு வாரம் கொடு, 500 வெள்ளி தர்றேன்’ என்று மகனிடம் யாரோ கேட்டார்களாம். இதுவும் கும்பலில் சேர்வதா?

சடங்கு இல்லாத சேர்க்கை அது. கும்பலுக்கு இன்று தேவைப்படுவது அடியாளை விட ஒரு சுத்தமான பெயரும் வங்கிக் கணக்கும்தான். 2023-ல் நிறைவேறிய சட்டத் திருத்தங்களின்படி கணக்கைக் கொடுப்பதும் சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) விவரங்களை விற்பதும் குற்றம். ‘எதற்கென்று தெரியாது’ என்ற பதில் முன்புபோல் எடுபடாது. இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டால் உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கிவிட்டு, போலீஸில் புகார் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைக்கலாம். கேட்டவன் பள்ளி நண்பன் என்றால் அவனுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவன் பெற்றோரிடமும் பேசுங்கள். பையன் ஏற்கெனவே ஒரு குழுவோடு சுற்றுகிறான் என்று பட்டால், கும்பலை விட்டு விலக இளையர்களுக்கு உதவ 1997-ல் தொடங்கிய ஸ்திரீட்வைஸ் திட்டம் பற்றி அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலோ பள்ளி ஆலோசகரிடமோ கேளுங்கள். சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திலும் பேசலாம், தமிழிலேயே.